ஸ்வேட் ஆடை: கேள்வி - பதில்

கேள்வி: மழைத்துளி பட்டு என் ஸ்வேட் ஜாக்கெட் முழுக்க வட்ட வட்டமாகத் தடம். ஹேர் டிரையர் பிடித்துக் காயவைத்தேன், ஜாக்கெட்டின் ஒரு கை விறைத்தே போய்விட்டது. சரிசெய்ய முடியுமா?

பதில்: தடத்தை எடுத்துவிடலாம். விறைப்பு, சூடு எவ்வளவு ஏறியது என்பதைப் பொறுத்தது.

ஸ்வேட், தோலின் உட்பக்கத்தைத் தேய்த்து இழை எழுப்பியது. வழவழப்பான தோலுக்கு உள்ள மேல்பூச்சு இதற்குக் கிடையாது. தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். காயும்போது சாயத்தையும் அழுக்கையும் ஈரத்தின் விளிம்புக்குத் தள்ளிவிட்டுப் போகும். உங்கள் வட்டங்கள் அப்படி வந்தவைதான். வட்டத்தை மட்டும் ஈரத்துணியால் தேய்த்தால் அதைச் சுற்றி இன்னொரு வட்டம் விழும்.

அதனால் தடம் உள்ள பகுதியை ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுக்க ஈரமாக்குங்கள். ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாமல் நன்றாகப் பிழிந்து ஒற்ற வேண்டும். ஈரம் சீராக இருப்பது முக்கியம். லைனிங் வரை ஊறவிடக் கூடாது. பிறகு வெள்ளைத் துண்டால் ஒற்றி எடுத்து, கைகளுக்குள் வெள்ளைத் தாளைச் சுருட்டி நுழைத்து (செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்), அகலமான ஹேங்கரில் மாட்டி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் 24 மணி நேரம் விடுங்கள். முழுக்கக் காயும் முன் பிரஷ் போட்டால் இழைகள் திட்டுத்திட்டாகப் படிந்துவிடும். காய்ந்தபின் முன்னும் பின்னுமாகத் தேய்த்து இழைகளை எழுப்பி, கடைசியில் ஒரே திசையில் வாருங்கள். பித்தளைக் கம்பி பிரஷ் ஷூவுக்குச் சரி. ஆடைக்கு மென்மையான நைலான் பிரஷ் போதும்.

விறைத்த கையை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்லக் கசக்கிப் பாருங்கள், இளகலாம். சூட்டில் சுருங்கி மடிந்திருந்தால், வருந்துகிறோம், அது திரும்பாது.

கேள்வி: காலர் ஓரம் கறுத்துப் பளபளக்கிறது. சோப்புப் போட்டுத் துவைக்கலாமா?

பதில்: கூடாது. தோலைப் பதப்படுத்தும்போது ஏற்றிய எண்ணெயும் சாயமும் சேர்ந்து கரையும். பளபளப்புக்குக் காரணம் தலை எண்ணெயும் வியர்வையும். அவை இழைகளைப் படிய வைத்துவிட்டன. முதலில் வெள்ளை அழிரப்பரால் லேசாகத் தேயுங்கள் (கலர் ரப்பர் சாயம் விடும்). பிறகு சோளமாவை (கார்ன்ஃப்ளார்) கறை மறையும் அளவு தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் தட்டிப் பிரஷ் போடுங்கள். ஒரே தடவையில் போகாது; இரண்டு மூன்று முறை செய்யுங்கள். மிச்சத்துக்கு வெள்ளை வினிகரில் துணியின் நுனியை மட்டும் நனைத்து ஒற்றலாம், முதலில் உள்மடிப்பில் சோதித்துவிட்டு. அதற்கும் மசியாவிட்டால், தோலாடை எடுக்கும் டிரை கிளீனரிடம் கொடுத்துவிடுங்கள். இனி கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போடுங்கள். சென்ட் அடிப்பதை ஜாக்கெட் போடுமுன் முடித்துவிடுங்கள்.

கேள்வி: நீர் ஒட்டாத ஸ்பிரே பயன் தருமா?

பதில்: தரும், ஆனால் துளிகளுக்குத்தான், அடைமழைக்கு அல்ல. ஸ்வேட் என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள். மெழுகுப் பாலிஷ் இழைகளை ஒட்டவைத்துவிடும். பிரஷ் போட்டபின் 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிசாக இரண்டு முறை, நடுவில் காயவிட்டு அடியுங்கள். கிட்டே பிடித்தால் அதுவே கறையாகும்.

கேள்வி: மணல் நிற ஸ்வேட் ஜாக்கெட்டுக்குப் புது ஜீன்ஸ் எடுபடுமா?

பதில்: எடுபடும், ஆனால் துவைக்காத கருநீல ஜீன்ஸின் சாயம் ஜாக்கெட்டின் கீழ் ஓரத்தில் ஏறிவிடும். சில முறை துவைத்துவிட்டுப் போடுங்கள். அடர்நிறப் புது ஸ்வேட்டானால் ஆபத்து எதிர்ப்பக்கம்: அதன் சாயத்தூள் வெள்ளைச் சட்டையில் ஒட்டும். முதலில் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.

ஸ்வேட் மங்கலான பரப்பு. பக்கத்தில் வழவழப்பான பருத்தியோ பட்டோ இருந்தால்தான் அது தெரியும். வெல்வெட்டோடு போட்டால் இரண்டுமே அமுங்கிவிடும். ஷூவும் ஸ்வேட் என்றால் நிறத்தை இரண்டு படி மாற்றுங்கள், இல்லையேல் சீருடைதான். தோள்பையைத் தவிர்ப்பது நல்லது. வார் உரசும் இடத்தில் இழை தேய்ந்து வழுக்கை விழும்.

கேள்வி: அலமாரியில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கிறது.

பதில்: உறையை முதலில் தூக்கி எறியுங்கள், ஈரத்தை அடைத்து வைத்தது அதுதான். ஆடையை வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு பிரஷ் போடுங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் தொட்டு மேலோட்டமாகத் துடையுங்கள் (இதையும் உள்மடிப்பில் சோதித்த பிறகே). நன்கு காய்ந்தபின் பருத்தி உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, வெளிச்சம் படாத இடத்தில் மாட்டுங்கள்.