கோடு (நிரல்) மூலம் திறந்தால் மெயில் மெர்ஜ் (ஒரே கடிதத்தில் பட்டியலின் பெயர், முகவரிகளை இணைப்பது) ஏன் வெறுமையாக நிற்கிறது?

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸில் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. வேர்டு கடிதத்தை நானே திறந்தால் பெயரும் முகவரியும் ஒழுங்காக வருகின்றன. பட்டன் வைத்து வி.பி.ஏ. (ஆஃபீஸ் மென்பொருள்களுக்குள் எழுதும் நிரல்மொழி) கோடு மூலம் திறந்தால் மட்டும் டேட்டா இணைவதில்லை. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றச் சொல்கிறார் நண்பர். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் திறக்கும்போது, 'இந்த ஆவணம் ஒரு எஸ்.க்யூ.எல். கட்டளையை இயக்கும், தொடரலாமா?' என்று வேர்டு கேட்கும் (எஸ்.க்யூ.எல். என்பது டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி). 'ஆம்' என்று அழுத்திப் பழகியிருப்பீர்கள். கோடு திறக்கும்போது அந்தக் கேள்வியே வராது. வேர்டு பேசாமல் இணைப்பைக் கழற்றிவிடும். ஒரு எச்சரிக்கை வரிகூடக் காட்டாமல் இப்படிச் செய்வதால் எத்தனை பேருடைய நாள் வீணாகிறது!

நண்பர் சொல்லும் மாற்றம் அந்தக் கேள்வியையே அணைத்துவிடும், அதுவும் உங்கள் கடிதத்துக்கு மட்டுமல்ல. நாளை யாரோ அனுப்பும் ஆவணமும் கேட்காமலே இணையும். மெர்ஜ் மென்பொருள் என்று விற்கிற சிலர் செய்வதும் இதே மாற்றம்தான். அதைச் சொல்லாமல் செய்துவிட்டு, நிரலையும் பூட்டிக் கொடுப்பார்கள். கணினி மாறியதும் மறுபடி அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

சரியான வழி எளிது. மெர்ஜ் ஃபீல்டுகள் (பெயரும் முகவரியும் வந்து விழும் இடங்கள்) அப்படியே இருக்க, கடிதத்தைச் சாதாரண வேர்டு ஆவணமாக மாற்றிச் சேமியுங்கள். கோடில் அதைத் திறந்த பிறகு, 'ஓப்பன்டேட்டாசோர்ஸ்' கட்டளைக்கு டேட்டாபேஸின் முழுப் பாதையையும் கொரியின் (ஆக்சஸில் சேமித்து வைத்த தேடல்) பெயரையும் கொடுங்கள். அப்புறம் மெர்ஜை இயக்கும் 'எக்ஸிக்யூட்' கட்டளை. முடிந்ததும் மூலக் கடிதத்தைச் சேமிக்காமல் மூடுங்கள். சேமித்தால் பழைய இணைப்பு மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

நீளமான எஸ்.க்யூ.எல். வரியைக் கோடில் எழுத வேண்டாம், 255 எழுத்துகளைத் தாண்டினால் சிக்கல். ஆக்சஸிலேயே கொரியாகச் சேமித்துவிடுங்கள்.

இதில் ஒன்று மட்டும் கவனம். அந்தக் கொரியில் 'லைக்' நிபந்தனையும் (பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடுவது), 'எந்த எழுத்தும் வரலாம்' என்று குறிக்கும் நட்சத்திரக் குறியும் இருக்கிறதா? ஆக்சஸில் ஓட்டினால் நாற்பது பெயர் வரும், வேர்டில் ஒன்றுகூட வராது. வெளியிலிருந்து ஓ.எல்.இ.டி.பி. (வேர்டு போன்றவை டேட்டாபேஸோடு பேசும் வழி) வழியாக வரும் இணைப்புக்கு நட்சத்திரம் வெறும் எழுத்துதான், அது எதிர்பார்ப்பது சதவீதக் குறி. சரி என்று குறியை மாற்றினால் ஆக்சஸுக்குள் வேலை செய்யாது. 'லைக்' என்பதை 'ஏலைக்' என்று மாற்றி, சதவீதக் குறி போடுங்கள். இரண்டு இடத்திலும் அதே நாற்பது பெயர் வரும்.