செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்கிறது, என்ஜின் சுற்றவில்லை: கேள்வி பதில்

கேள்வி: சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிடச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (பெட்ரோல் கார், எட்டு வருடம் பழையது.)

பதில்: அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் கேட்கும் சத்தம் மோட்டாருடையது அன்று. அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டினுடையது. சாவியைத் திருப்பியதும் அதற்குள் இருக்கும் இழுப்புச் சுருளும் தாங்கு சுருளும் சேர்ந்து ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கின்றன. அந்தத் தண்டு ஒரு பக்கம் பினியன் என்ற சிறு பற்சக்கரத்தை என்ஜினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலின் பல்லோடு கோக்கிறது, மறுபக்கம் ஒரு செப்புத் தகட்டைத் தள்ளி இரண்டு தடித்த போல்ட்டுகளை இணைக்கிறது. சிறிய காரானால் 100 முதல் 150 ஆம்பியர் வரை மோட்டாருக்குப் பாய்வது அந்த இணைப்பின் வழியாகத்தான். ஆகவே ‘டக்’ என்று கேட்டால், சாவி, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சிறிய ஒயர் ஆகியவை பெரும்பாலும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன என்று கொள்ளலாம். தேட வேண்டியது தடித்த கேபிளின் பாதையில்.

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணையும் அளவுக்கு மங்கினால், பேட்டரி இறங்கியிருக்கலாம், அதன் முனை இணைப்பு கெட்டிருக்கலாம், அல்லது மோட்டாரோ என்ஜினோ இறுகியிருக்கலாம். விளக்கு அசையாமல் எரிந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. அப்போது வண்டியை நியூட்ரலில் வைத்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, சொலினாய்டின் இரண்டு தடித்த போல்ட்டுகளிலும் மீட்டரை வைத்து வோல்ட்டேஜை அளந்து வந்து சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

கேள்வி: எனக்கு ஒரு சத்தம் அல்ல, ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து வருகிறது.

பதில்: பெரும்பாலும் பேட்டரி, அல்லது அதன் முனைகள். தண்டு உள்ளே போனதும் மோட்டார் இழுக்கிற இழுப்பில் வோல்ட்டேஜ் சரிகிறது. தாங்கு சுருளால் பிடித்திருக்க முடியாமல் தண்டு வெளியே வருகிறது. சுமை போனதும் வோல்ட்டேஜ் ஏறி மறுபடியும் இழுக்கிறது. ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்த பேட்டரி, 12.0 என்றால் ஏறக்குறைய காலி. ஓய்வில் சரியாகக் காட்டிவிட்டுச் சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுகிற பேட்டரியும் உண்டு. அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: புது பேட்டரி போட்டும் அதே ‘டக் டக்’. பேட்டரிக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவரைக் குற்றம் சொல்லும் முன் முனைகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்த கிளாம்ப்பில் 0.02 ஓம் தடை இருந்தாலே, 150 ஆம்பியர் பாயும்போது 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். நெகட்டிவை முதலில் கழற்றி, முனைகளையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்து, நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள். என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் விடாதீர்கள். எல்லோரும் மறக்கும் இடம் அதுதான்.

கேள்வி: பைக்கில் ‘டிக்’ என்று சீட்டுக்கு அடியில் கேட்கிறது.

பதில்: அது ஸ்டார்ட்டர் ரிலே. கார் மோட்டாரைப் போல் பினியனைத் தள்ளும் சொலினாய்டு அதில் இல்லை; ஆனால் பேட்டரியையும் முனைகளையும் முதலில் பார்ப்பது பொதுவே.

கேள்வி: நான் முப்பது வருடம் லாரி ஓட்டியவன். மோட்டார் மண்டையில் ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினால் எடுத்துவிடும். இதற்கு மீட்டர் எதற்கு?

பதில்: ஐயா, தட்டினால் எடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. சுழலும் பாகத்துக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்து, அந்தப் பாகத்தின் செப்பு வளையமான கம்யூட்டேட்டரைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்போது, அதிர்ச்சியில் அது நகர்ந்து தொடுகிறது. அது வைத்தியம் அன்று, நோய் எங்கே என்று சொல்லும் குறி.

கேள்வி: குறியோ வைத்தியமோ, ஊர் போய்ச் சேர்ந்தேனே! நீங்கள் புத்தகம் படித்தவர் போல் பேசுகிறீர்கள்.

பதில்: நானும் தட்டிப் பழகியவன்தான். உங்கள் காலத்து மோட்டார்களில் காந்தப்புலம் தர ஃபீல்டு காயில் இருந்தது. இரும்புக் கூட்டில் செப்புக் கம்பி, தட்டுத் தாங்கும். இன்றைய சிறிய கார்களில் பலவற்றில் காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தங்கள் கூட்டின் உட்புறம் பதிந்திருக்கின்றன. அவை பீங்கான் போல் உடையக்கூடியவை. சில்லு பெயர்ந்து, சுழலும் பாகமான ஆர்மேச்சருக்கும் கூட்டுக்கும் இடையில் சிக்கினால், பிரஷ்ஷோடு போக வேண்டிய செலவு மோட்டார் விலைக்கு வந்துவிடும். வழியில் நின்றுவிட்டால், மரக்கட்டையால் மெதுவாக ஒரு முறை தட்டி, வீடு சேர்ந்ததும் கழற்றிப் பாருங்கள். உங்கள் அனுபவம் பொய்யன்று, அது வேறு மோட்டாரின் அனுபவம்.

கேள்வி: திருப்புளியால் சொலினாய்டின் இரண்டு போல்ட்டையும் இணைத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். கியரில் இருக்கும் வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

கேள்வி: மழை வெள்ளத்தில் கார் பானட் வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்த பின் ‘டக்’ என்கிறது, சுற்றவில்லை. மீண்டும் மீண்டும் முயல்கிறேன்.

பதில்: உடனே நிறுத்துங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. விடாமல் செல்ஃப் அடித்தாலோ தள்ளி ஸ்டார்ட் செய்தாலோ பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையக்கூடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிய பின்பே என்ஜினைச் சுற்ற வேண்டும், அதையும் முதலில் கையால். 2015-இலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வடிந்த பிறகு ஒர்க்ஷாப்புகளுக்கு வந்த வண்டிகளுக்கும் சொல்லப்பட்டது இதுதான்.

கேள்வி: புது பேட்டரி போட்டேன், இருந்தும் ‘டக் டக்’...

பதில்: மூன்றாவது கேள்வியின் பதில். கிளாம்ப்பைத் தேய்த்துவிட்டுத்தான் எழுதுகிறீர்களா?

கேள்வி: சாவியைத் திருப்பினால் ‘டக்’ கூட இல்லை.

பதில்: அது வேறு நோய்: ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச், சில வேளை அடியோடு தேய்ந்த பிரஷ். இழுப்புச் சுருள் எர்த் பெறுவது மோட்டார் வழியாக என்பதால், பிரஷ் முற்றிலும் விட்டுப்போனால் சத்தமே வராமல் போகலாம்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான். சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் மங்கவில்லை. பேட்டரி 12.5, கேபிள் வரும் போல்ட்டில் 12.4, மோட்டாருக்குள் போகும் போல்ட்டில் 0.3.

பதில்: மோட்டார் நன்றாக இருக்கக் கூடும், சொலினாய்டுக்குள் இருக்கும் செப்புத் தொடர்புகள் கருகியிருக்கின்றன. உங்கள் மாடலில் மூடி திறக்கும் வகையானால் தொடர்புகளையும் தகட்டையும் மட்டும் மாற்றலாம், இல்லையென்றால் சொலினாய்டை மட்டும். மோட்டாரைக் கழற்றியதும் பிரஷ் நீளத்தையும் பார்த்துவிடுங்கள். அதற்கு முன், நெகட்டிவைக் கழற்றுங்கள்.