நான்காவது தேர்வில் ஒரு டேக்கிள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான நியூயார்க் ஜயன்ட்ஸ் பற்றி எங்கள் நண்பர் வட்டத்தில் ஒரு வழக்கு முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) நான்காவது தேர்வைக் கொடுத்து, பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளான ஆண்ட்ரூ தாமஸை எடுத்தார்கள். அவருக்கு ஒன்பது இடம் பின்னால் டாம்பா பே எடுத்த டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் முதல் ஆண்டிலேயே சூப்பர் பவுல் (இறுதிப்போட்டி) வென்றுவிட்டார். 2022-ல் ஏழாவது தேர்வில் இன்னொரு டேக்கிள், இவான் நீல். அவர் தேறவில்லை என்பது உங்களுக்கே தெரியும். "முதல் சுற்றுத் தேர்வை லைன்மேனுக்கு (முன்வரிசைக்காரருக்கு) செலவழிப்பதே வீண், அன்றைக்குத் தற்காப்பு வீரர் ஐசையா சிமன்ஸை எடுத்திருக்க வேண்டும்" என்கிறது ஒரு கட்சி. "லைன் இல்லாமல் எந்தக் குவாட்டர்பேக்கும் பிழைக்க மாட்டார்" என்கிறது மறு கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்? சாக் (பந்தை எறியுமுன் குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது) கணக்கை வைத்து ஒரு லைன்மேனை எடைபோடலாமா?

கே., நியூ ஜெர்சி

அன்புள்ள கே.,

சிமன்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அவரை எட்டாவது தேர்வில் எடுத்த அரிசோனா, 2023 ஆகஸ்டில் ஜயன்ட்ஸுக்கே கொடுத்துவிட்டது. பதிலுக்கு வாங்கியது ஒரு ஏழாம் சுற்றுத் தேர்வு. அந்தக் கட்சிக்காரர்கள் இன்னும் எதை வைத்து வாதாடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

தாமஸை எடுத்தது நல்ல முடிவு. கிடைத்த டேக்கிள்களில் ஆகச் சிறந்தவரை எடுத்தார்களா என்றால், இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். இவற்றை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால்தான் உங்கள் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது.

அந்த ஆண்டு முதல் 13 தேர்வுகளுக்குள் நான்கு டேக்கிள்கள் போனார்கள். தாமஸ் 4, ஜெட்ரிக் வில்ஸ் 10, மெக்கை பெக்டன் 11, வெர்ஃப்ஸ் 13. வில்ஸ் அலபாமாவில் ஆடியது வலப்பக்கம். அங்கே குவாட்டர்பேக் டூவா இடக்கைக்காரர் என்பதால் அவர் பார்க்க முடியாத முதுகுப்பக்கம் அதுதான். கிளீவ்லாந்து அவரை எடுத்த கையோடு இடப்பக்கம் நிறுத்தியது. பெக்டன் 364 பவுண்டு எடையோடு 40 கஜத்தை 5.10 நொடியில் ஓடியவர். முழங்கால் காயங்களில் இரண்டு பருவங்கள் போயின. கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் வலது கார்டாக (டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) நின்று 2024 பருவத்தின் சூப்பர் பவுலை வென்றார். வெர்ஃப்ஸை டாம்பா பே அவர் பழகிய வலப்பக்கமே மூன்று பருவங்கள் வைத்திருந்து, 2023-ல்தான் இடப்பக்கம் மாற்றியது. அவருக்குப் பின்னால் நின்றவர் பந்தைச் சட்டென்று எறிந்துவிடும் டாம் பிரேடி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாமஸுக்கு அமைந்தது இதற்கு நேர் எதிர். கோவிட் காரணமாக 2020-ல் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களே நடக்கவில்லை. மூத்த லெஃப்ட் டேக்கிள் நேட் சோல்டர் அந்தப் பருவத்திலிருந்து விலகிக்கொண்டார். நவம்பரில், பருவத்தின் நடுவே, லைன் பயிற்சியாளரையே நீக்கினார்கள். தாமஸ் இடது கணுக்கால் வலியோடு ஆடி, பருவம் முடிந்ததும் அறுவை செய்துகொண்டார்.

அந்த ஆண்டு அவர் தடுமாறியது எங்கே என்பதைக் காலைப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். லெஃப்ட் டேக்கிளுக்கு வலது கால் முன்னே, இடது கால் பின்னே. பந்து கிளம்பியதும் இடது கால் பின்னோக்கித் தள்ள வேண்டும், வலது கால் தரையோடு ஒட்டி அதைத் தொடர வேண்டும். இரண்டும் குறுக்கே வெட்டக் கூடாது. எதிராளியின் உட்புறத் தோளுக்கு நேராக மூக்கு இருக்க வேண்டும். வெளிப்பக்க வேகத்துக்குப் பயந்து ஓர் அடி கூடுதலாக வெளியே போய்விட்டால் உள்பக்கம் திறந்துகொள்ளும். எதிராளி ஒரு சுழல் போட்டு அந்த வழியாக நேரே குவாட்டர்பேக்கிடம் போய்விடுவார். அடுத்தது கை. இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில் நீட்டி, தலையையும் கூடவே முன்னே கொடுத்தால், எதிராளி கையைத் தட்டிவிட்ட நொடியில் டேக்கிள் குப்புற விழுவார். தாமஸ் முதல் பருவத்தில் இரண்டு தவறையும் செய்தார். ஆனால் இரண்டும் திருத்தக்கூடியவை. அவருடைய கை நீளம் 36 அங்குலத்துக்கும் சற்று மேல். இவ்வளவு நீளக் கை உள்ளவர் அவசரப்படாமல் காத்திருந்து அடிக்கக் கற்றுக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும். 2022-ல் அவர் பருவத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் இரண்டாம் அணியில் இடம்பிடித்தார். ஜயன்ட்ஸ் பிளேஆஃபுக்கு (நாக்அவுட் சுற்று) போய் மின்னசோட்டாவை 31-24 என்று வென்றது அதே பருவத்தில்தான்.

நீலின் குறை வேறு வகை. இடுப்பை மடித்து முன்னால் சாய்வது அவர் வழக்கம், எடை முன்னங்காலில் போய் நிற்கும். ஆறடி ஏழங்குல உயரம், 337 பவுண்டு எடை, ஆனால் சமநிலை இல்லை. வலப்பக்கம் போட்டுக் கெடுத்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு, நான் ஏற்க மாட்டேன். 2020-ல் அலபாமாவில் அவர் ஒரு பருவம் முழுக்க வலப்பக்கம்தான் ஆடினார். கல்லூரியில் அந்த உடம்பே போதுமாக இருந்தது. ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கைத் துரத்தும் தொழில்முறை எட்ஜ் வீரர்களுக்கு, முன்னே சாய்ந்து நிற்கும் ஆளை இழுத்துவிட்டுத் தாண்டிப் போவது தினசரி வேலை. அதே முதல் சுற்றில் சார்ல்ஸ் கிராஸ் ஒன்பதாவதாகவும் டைலர் ஸ்மித் 24-வதாகவும் போனார்கள் என்பது ஜயன்ட்ஸ் ரசிகர்களுக்கு உறுத்தத்தான் செய்யும். ஆக, அங்கே நடந்த பிழை லைன்மேனை எடுத்தது அல்ல, அந்த லைன்மேனை எடுத்தது.

சாக் கணக்குக்கு வருகிறேன். 2023-ல் ஜயன்ட்ஸ் 85 சாக் கொடுத்தது. இதைவிட அதிகம் கொடுத்தது 1986-ல் 104 கொடுத்த ஃபிலடெல்ஃபியா மட்டுமே. அந்தப் பருவத்தில் தாமஸ் முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசை பிடித்து அடுத்த ஏழு ஆட்டங்கள் ஆடவில்லை. வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் இடத்தில் அறிமுக வீரர், கார்டுகளில் வாரத்துக்கு ஓர் ஆள். ஏரிக்கரை ஓரிடத்தில் உடைந்தால் போதும், மற்ற இடங்கள் எவ்வளவு உறுதி என்று தண்ணீர் விசாரிக்காது. இதோடு குவாட்டர்பேக்கின் பங்கும் இருக்கிறது. டேக்கிளின் திட்டம் எதிராளியை முழுக்க நிறுத்துவது அல்ல, குவாட்டர்பேக்குக்குப் பின்னால் சுற்றிப் போகும்படி தள்ளிவிடுவது. குவாட்டர்பேக் தன் இடத்தில் நின்று முன்னே ஓரடி எடுத்து வைத்தால் எதிராளி காற்றைப் பிடிப்பார். குவாட்டர்பேக் இன்னும் இரண்டு கஜம் பின்வாங்கினால் எதிராளி நேராக அவர் மடியில் விழுவார். கணக்கில் அந்த சாக் டேக்கிள் பேரில் ஏறும். இரண்டரை நொடி தாண்டியும் பந்தைக் கையில் வைத்திருந்தால் எந்த லைனும் தாங்காது.

பணக் கணக்கை உங்கள் நண்பர்கள் பேசுகிறார்களா? தாமஸின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 3.2 கோடி டாலர். 2023-ல் போட்ட நீட்டிப்பு ஐந்து ஆண்டுகளுக்கு 11.75 கோடி. ஆண்டுக்கு 80 லட்சத்துக்குக் கிடைத்த அதே வேலைக்கு இப்போது 2.35 கோடி. நல்ல டேக்கிள்களை அவர்களுடைய அணிகள் வெளியே விடுவது அபூர்வம், எனவே சந்தையில் வாங்கலாம் என்று காத்திருப்பது பெரும்பாலும் பலிக்காது. சென்டருக்கு இந்த வாதம் முழுதாகப் பொருந்தாது. முதல் சுற்று வீரரின் ஐந்தாம் ஆண்டு விருப்பத் தொகையை (ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்ட அணி தர வேண்டிய சம்பளம்) கணக்கிடும்போது லைன்மேன் எல்லோரும் ஒரே பட்டியல், அதனால் சென்டருக்கும் டேக்கிள் விலை. புரோ பவுல் (நட்சத்திர வீரர்கள் ஆட்டம்) போன சென்டர் டைலர் லிண்டர்பாமுக்கே பால்டிமோர் 2025-ல் அந்த ஐந்தாம் ஆண்டை எடுக்காமல் விட்டது இதனால்தான்.

அடுத்த முறை ஒரு டேக்கிளைப் பற்றி வாதம் வந்தால் 22 பேரும் தெரியும் ஆல்-22 காட்சியைப் போடுங்கள். பிளே-ஆக்‌ஷன் (ஓட்டம் போல் ஏமாற்றி எறிவது), ஸ்கிரீன் (அருகிலேயே சட்டென்று எறிவது), குவாட்டர்பேக் பக்கவாட்டில் ஓடும் முயற்சிகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். மூன்றாவது டவுனில் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஏழு கஜத்துக்கு மேல் தேவைப்படும் முயற்சிகளை மட்டும் எண்ணுங்கள். பந்து எங்கே போனது என்று பார்க்காமல், அவர் தலை முழங்காலைத் தாண்டி முன்னே வருகிறதா, இரண்டாவது அடியில் இடுப்பு வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறதா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வீரருக்கு இப்படி ஐம்பது முயற்சிகள் பார்த்தபின் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.