எக்ஸ்போர்ட் அழுத்தினால் ஃபைல் வரவில்லையா? கேள்வி பதில்

பிரவுசர் எக்ஸ்டென்ஷனில் சேர்த்து வைத்தது வெளியே வர மறுக்கிறது என்று வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்காதீர்கள். மற்ற மென்பொருளுக்குச் சரிப்பட்டு வரும் அந்த வைத்தியம் இங்கே தரவையே அழித்துவிடும்.

கேள்வி: அக்கா, குறிப்பு எழுதி வைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றில் பல வருடக் குறிப்புகள் இருக்கின்றன. எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் பிழைச் செய்தி கூட வருவதில்லை. இன்னொரு கம்ப்யூட்டரிலும் அதே கணக்கில்தான் குரோம் இருக்கிறது. இங்கே நீக்கினாலும் அங்கே இருக்கும்தானே?

வேண்டவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன்களும் சிங்க் ஆகும்படி, அதாவது ஒரே கணக்கில் உள்ள கம்ப்யூட்டர்களில் ஒன்றுபோல் இருக்கும்படி வைத்திருந்தால், இங்கே நீக்கியது அங்கேயும் நீங்கிவிடும். குறிப்புகளோ பெரும்பாலும் சிங்க் ஆகியே இருக்காது. எக்ஸ்டென்ஷன்களுக்கு குரோம் தரும் சிங்க் இடம் மொத்தமே 100 கேபி அளவுதான், ஒரு பதிவுக்கு 8 கேபி. அதனால் பெரிய தரவு வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் அந்தந்தக் கம்ப்யூட்டரில் உள்ள லோக்கல் ஸ்டோரேஜில்தான் எழுதும். கேச், ஹிஸ்டரியை அழித்தாலும் அது தங்கும். எக்ஸ்டென்ஷனை நீக்கினால் கூடவே போய்விடும்.

முதல் வேலை நகல் எடுப்பது. குரோமின் வெர்ஷன் பக்கத்தில் (முகவரிப் பெட்டியில் chrome://version) ‘ப்ரொஃபைல் பாத்’ என்ற வரியில் ஒரு ஃபோல்டரின் இடம் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, பிரவுசரை முழுவதும் மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே வேறிடத்துக்கு நகலெடுங்கள்.

இனிக் காரணத்தைத் தேடலாம். எக்ஸ்டென்ஷன் ஐகான் மீது ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்பெக்ட் பாப்-அப்’ கொடுங்கள். ஐகானை அழுத்தினால் விரியும் சிறு ஜன்னல்தான் பாப்-அப். பிழைகள் பதிவாகும் கன்சோல் பகுதி திறந்திருக்கும்போதே எக்ஸ்போர்ட்டை அழுத்துங்கள். சிவப்பு வரி வந்தால் அதுதான் காரணம், அதை அப்படியே எக்ஸ்டென்ஷனை எழுதியவருக்கு அனுப்புங்கள். சில சமயம் சிவப்பு வரி எதுவும் வராமல் ஃபைலே இறங்கிவிடும். இன்ஸ்பெக்ட் செய்யும்போது பாப்-அப் மூடாது. ஆகவே வழக்கமாக ஃபைல் தயாராகும் முன்பே பாப்-அப் மூடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

அப்படியும் இறங்காவிட்டால், அதே ஜன்னலில் ‘அப்ளிகேஷன்’ பகுதிக்குப் போய் ‘எக்ஸ்டென்ஷன் ஸ்டோரேஜ்’ திறந்து பாருங்கள். குறிப்புகள் அங்கே தெரிந்தால் கவலையை விடுங்கள், பட்டன்தான் கெட்டிருக்கிறது. அங்கே காலியாக இருந்தால் அதே பகுதியில் ‘இண்டெக்ஸ்டுடிபி’ என்ற இன்னொரு சேமிப்பிடத்தையும் பாருங்கள். நிறைய எழுத வைக்கும் எக்ஸ்டென்ஷன்கள் அதைத்தான் விரும்புகின்றன.

கேள்வி: ஃபைல் வருகிறது. ஆனால் தலைப்பு வரிசை மட்டும்தான், கீழே எதுவும் இல்லை. போன வாரம் வரை நன்றாக இருந்தது.

பக்கத்தில் தெரியும் அட்டவணையைப் படித்து எடுக்கும் எக்ஸ்டென்ஷன் என்று ஊகிக்கிறேன். எக்ஸ்டென்ஷன் விவரப் பக்கத்தில் ‘சைட் ஆக்சஸ்’ பாருங்கள். ‘ஆன் கிளிக்’ என்று மாறியிருந்தால் நீங்கள் ஐகானைத் தொடும்வரை அது பக்கத்தைப் படிக்க முடியாது. அனுமதி சரியாக இருந்தால், தளம் தன் பக்க அமைப்பை மாற்றியிருக்கும். எக்ஸ்டென்ஷன் பழைய பெயர்களில் தேடி ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறது. அதை எழுதியவர்தான் திருத்த முடியும்.

ஃபைலில் பாதி வரிசைகள் மட்டும் வருகிறது என்று கேட்டவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீளமான பட்டியல்களை இன்றைய தளங்கள் ஸ்க்ரோல் செய்யச் செய்யத்தான் ஏற்றுகின்றன. திரையை விட்டு மேலே போனதைக் கழற்றிவிடும் தளங்களும் உண்டு. அங்கே கடைசிவரை ஸ்க்ரோல் செய்தாலும் முழுதும் வராது. தளமே டவுன்லோட் வசதி கொடுத்திருந்தால் அதை நம்புங்கள்.

கேள்வி: சிஎஸ்வி ஃபைலை எக்ஸெலில் திறந்தால் தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாக இருக்கிறது. தரவு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஆனால் அந்த நிலையில் சேவ் கொடுத்தால் நிஜமாகவே கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. சேவ் செய்யாமல் மூடுங்கள். ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகத் திறந்து, எழுத்து முறைக்கு 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள் ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்தால் இந்தத் தொல்லையே இருக்காது. தமிழ் பயனர்களை நினைத்தாவது சேருங்கள்.

கேள்வி: சில பக்கங்கள் சேவ் ஆகின்றன, சில ‘இன்வாலிட் ஃபைல்நேம்’ என்கின்றன.

பக்கத் தலைப்பையே ஃபைல் பெயராக வைக்கிறது. தலைப்பில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, செங்குத்துக் கோடு இருந்தால் விண்டோஸ் ஏற்காது. அமைப்புகளில் பெயர் வடிவத்தை மாற்ற முடிகிறதா பாருங்கள். நேரத்தைப் பெயரில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களிலும் இதே கதைதான். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே வரும் முக்காற்புள்ளிதான் அங்கே குற்றவாளி.

கேள்வி: நான் எழுதிய எக்ஸ்டென்ஷனை மேனிஃபெஸ்ட் வி3-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து எக்ஸ்போர்ட் வேலை செய்யவில்லை. புரோகிராம் அப்படியே பழையதுதான்.

பழையதாகவே இருப்பதுதான் சிக்கல். மேனிஃபெஸ்ட் என்பது எக்ஸ்டென்ஷன் எழுதும் விதிமுறை. அதன் பழைய பதிப்பான வி2-வில் பின்னணியில் ஒரு முழுப் பக்கம் ஓடியது. வி3-யில் அந்த இடத்தில் சர்வீஸ் வொர்க்கர், தேவைப்படும்போது மட்டும் ஓடும் பின்னணிப் புரோகிராம். அதில் டாம் (பக்கத்தின் உறுப்புகளைக் கையாளும் வசதி) கிடையாது, ப்ளாப்-க்கு (நினைவில் உருவாக்கும் ஃபைல் தரவு) முகவரி உண்டாக்கும் ‘கிரியேட் ஆப்ஜெக்ட் யூஆர்எல்’லும் கிடையாது. போதாததற்கு, 30 விநாடி வேலையில்லாமல் இருந்தால் குரோம் அதை நிறுத்திவிடும். நினைவில் சேர்த்து வைத்திருந்த மாறிகள் அதோடு காலி.

குரோம் 109 முதல் திரையில் தெரியாத பக்கத்தைத் திறக்கும் ‘ஆஃப்ஸ்கிரீன்’ வசதி இருக்கிறது, அங்கே ப்ளாப் உருவாக்கலாம். என்னைக் கேட்டால் அதைவிட எளிய வழி, எக்ஸ்போர்ட்டுக்கென்று ஒரு தனிப் பக்கத்தைப் புதிய டேப்பில் திறப்பது. மூடிக்கொள்ளும் பயமில்லை, வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று பயனருக்கும் காட்டலாம். தரவை அந்தப் பக்கமே ஸ்டோரேஜிலிருந்து படிக்கட்டும். மெசேஜாக அனுப்பினால் குரோமில் ஒரு மெசேஜுக்கு 64 எம்பி வரம்பு உண்டு.

தரவையே முகவரிக்குள் வைக்கும் டேட்டா யூஆர்எல் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று தோன்றும். ஃபயர்ஃபாக்ஸின் டவுன்லோட்ஸ் ஏபிஐ அதை ஏற்காது. ப்ளாப் முகவரியை டவுன்லோட் தொடங்கிய உடனே ரத்து செய்யாதீர்கள், முடிந்த செய்தி வரட்டும். தரவில் ‘மேப்’, ‘செட்’ என்ற வகைகள் இருந்தால், ஜேசன் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது வெறும் அடைப்புக்குறிகளாகிவிடும். பிழை எதுவும் காட்டாது, பயனர் பல மாதம் கழித்துத்தான் கண்டுபிடிப்பார். தயவுசெய்து இதைச் சோதித்துவிட்டு வெளியிடுங்கள்.

கேள்வி: மேடம், என் எக்ஸ்டென்ஷனை குரோமே அணைத்துவிட்டது, இனி ஆதரவு இல்லையாம். உள்ளே இருந்தது போய்விட்டதா?

போகவில்லை. 2025-இல் குரோம் வி2 எக்ஸ்டென்ஷன்களை எல்லோருக்கும் அணைத்தது. அணைப்பது வேறு, நீக்குவது வேறு. ‘ரிமூவ்’ அழுத்தாதவரை தரவு ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் ‘லோக்கல் எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸ்’ என்பதன் கீழ், எக்ஸ்டென்ஷனின் 32 எழுத்து அடையாளப் பெயரில் கிடைக்கும். ப்ரொஃபைல் ஃபோல்டரை முதல் பதிலில் சொன்னபடி நகலெடுத்து வையுங்கள். எழுதியவர் அதே அடையாளத்தில் வி3 பதிப்பு கொண்டுவந்தால் பழைய தரவை அது எடுத்துக்கொள்ள முடியும். புதிதாக வேறு பெயரில் பட்டியலிட்டால் அடையாளமும் வேறு, பழையதைத் தொட அதற்கு உரிமையில்லை. அவருக்கு எழுதும்போது இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: ஃபயர்ஃபாக்ஸில் இம்போர்ட் செய்ய ஃபைல் தேர்வு ஜன்னல் திறந்ததுமே பாப்-அப் மறைந்துவிடுகிறது.

பாப்-அப் கவனம் இழந்தால் மூடிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷனின் அமைப்புகள் பக்கத்தில் இம்போர்ட் இருந்தால் அங்கிருந்து செய்யுங்கள்.

கேள்வி: ஒருவழியாக ஃபைல் வந்துவிட்டது. இனி நீக்கலாமா?

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஜேசன் ஃபைல் என்றால் கடைசி வரியில் அடைப்புக்குறி மூடியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கிறது. உங்கள் ஆகப் பழைய பதிவும் நேற்றைய பதிவும் இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்று தேடுங்கள். படங்கள் இணைத்திருந்தால் அவை வந்தனவா என்று தனியே பாருங்கள், பல எக்ஸ்டென்ஷன்கள் எழுத்தை மட்டும் தரும். பிறகு பிரவுசரில் புதிய ப்ரொஃபைல் ஒன்று உருவாக்கி, அங்கே எக்ஸ்டென்ஷனை நிறுவி, இந்த ஃபைலை இம்போர்ட் செய்து பாருங்கள். அங்கேயும் சிங்க்கை இணைத்துவிடாதீர்கள். எல்லாம் வந்து சேர்ந்திருந்தால் தாராளமாக நீக்கலாம்.