மொழி புரியாமலேயே உங்களைக் கலங்க வைத்த பாடல் எது?

லீ மூன்-சே பாடிய 'குவாங்ஹ்வாமுன் யொன்கா'. 1988இல் வந்த கொரியப் பாடல். யொன்கா என்றால் காதல் பாட்டு. குவாங்ஹ்வாமுன் சியோல் நகரின் நடுவே, பழைய அரண்மனை வாசலையொட்டிய பகுதி.

சுற்றுவழியில்தான் இதனிடம் வந்து சேர்ந்தேன். 'ரிப்ளை 1988' என்ற கொரியத் தொலைக்காட்சித் தொடரில் ஓ ஹ்யோக் என்ற இளம் பாடகரின் பாட்டு ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டது. அதை 1985இல் முதலில் பாடியவர் லீ மூன்-சே என்று தெரிந்ததும் அவரைத் தேடிப்போனேன். அந்தப் பாட்டையும் இதையும் எழுதி இசையமைத்தவர் ஒருவரே, லீ யொங்-ஹூன்.

முதல் தடவை கேட்டபோது ஒரு சொல்லும் பிடிபடவில்லை, ஆனாலும் தொண்டை அடைத்தது. பிறகு பொருள் தேடிப் படித்தேன். காலத்தோடு எல்லாமே சுவடில்லாமல் மாறிவிட்டது என்றுதான் பாட்டு தொடங்குகிறது. ஆனால் தொக்சு அரண்மனையின் கல்மதிலோரம் காதலர்கள் இன்னும் நடக்கிறார்கள் என்கிறார். ஜொங்தோங் தெருவில் பனி மூடிய சின்னத் தேவாலயம் இன்னும் இருக்கிறது என்கிறார். 'அஜிக்', அதாவது 'இன்னும்'. பிரிந்துபோனவளைப் பற்றி ஒரு குறை இல்லை, அவள் எப்படி இருந்தாள் என்றுகூட இல்லை. இருப்பதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இல்லாதவள் நமக்குத் தானாகவே தெரிகிறாள்.

அந்த மதிலோரப் பாதையில் சேர்ந்து நடக்கும் காதலர்கள் பிரிந்துவிடுவார்கள் என்று சியோலில் ஒரு நம்பிக்கை உண்டு. முன்பு அந்த வழியில் குடும்ப நீதிமன்றம் இருந்தது, மணமுறிவுக்கு வந்தவர்கள் நடந்த பாதை அது என்று காரணம் சொல்வார்கள். அதை அறிந்து கேட்கும் கொரியர்களுக்கு அந்த வரி இன்னும் எவ்வளவு வலிக்கும்!

நாம் எல்லோரும் ஒருநாள் காலத்தோடு போய்விடுவோம் என்றும் ஒரு வரி வருகிறது. எழுதியவர் 2008 பிப்ரவரியில் புற்றுநோயால் போய்விட்டார். மறு ஆண்டு, அவர் பாட்டில் எழுதிவைத்த அதே தேவாலயத்தின் எதிரே அவருக்கு நினைவுக்கல் நட்டார்கள்.

லீ மூன்-சே 1985 முதல் பத்தாண்டுக்கும் மேலாக இரவு வானொலி நிகழ்ச்சி நடத்தியவர். மாணவர்கள் அவ்வளவு பேர் கேட்டதால் 'இரவின் கல்வி அமைச்சர்' என்றே பெயர். தைராய்டு புற்றுநோய்க்கு இரண்டு முறை அறுவை செய்துகொண்ட பிறகும் மேடையில் பாடுகிறார். பழைய பதிவைவிட, வயதேறிய குரலில் அவர் இதைப் பாடுவதுதான் எனக்குப் பிடிக்கும். உச்சத்தை எட்ட அவசரமே படுவதில்லை, பேசுவதுபோல ஒவ்வொரு வரியையும் இறக்கி வைக்கிறார்.

இது பிடித்துப்போனால், இதே இருவரின் 'யெத் சராங்' (பழைய காதல், 1991) கேளுங்கள். அதே குவாங்ஹ்வாமுன் தெரு, அதே பனி. ஆனால் அங்கே வெண்பனி கீழே விழுவதில்லை, வானத்தை நோக்கி மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது.