மூன்று மாதம் நிற்கப்போகும் காரின் பேட்டரி

கேள்வி: கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மகன் டொரண்டோவில் வேலையில் இருக்கிறான். நானும் என் மனைவியும் கார்த்திகைக் கடைசியில் அங்கே போய்விட்டுப் பங்குனித் தொடக்கத்தில்தான் ஊர் திரும்புவோம். எங்களுடையது மூன்று ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, காரோடு வந்தது. தன் ஊரில் குளிர்காலம் முழுவதும் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியின் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள் அல்லது சார்ஜரிலேயே விட்டுவிடுவார்கள், நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்கிறான் மகன். பேட்டரிக் கடைக்காரர் சார்ஜர் வாங்கச் சொல்கிறார். பண்ணையத்தைப் பார்த்துக்கொள்ளப் போகும் மைத்துனரோ, வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருந்தாலும், உங்கள் நிலைமைக்கு மூன்றுமே தேவையில்லை என்பதே என் கருத்து. புறப்படும் முன் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்துவிட்டு, நெகட்டிவ் கேபிளை மட்டும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். செலவு அநேகமாக அந்தச் சார்ஜுக்கான கூலியோடு முடிந்துவிடும்.

மகன் சொல்லும் முறைக்கு அவர் ஊரில் வலுவான காரணம் இருக்கிறது. பேட்டரிக்குள் இருப்பது நீர் கலந்த கந்தக அமிலம். சார்ஜ் இறங்க இறங்க அமிலத்தின் சல்பேட் பகுதி ஈயத் தகடுகளில் சேர்ந்துவிடுவதால், மிஞ்சும் திரவம் நீர்த்துப்போகிறது. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் திரவம் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போனால்தான் உறையும். அடியோடு இறங்கிய பேட்டரியோ மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து, பெட்டி வெடித்துத் தகடுகள் வளைந்துபோகும். அங்கே நிறுத்திவைக்கும் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுபோவதும், சார்ஜ் குறையாமல் காப்பதும் இதற்காகத்தான். உங்கள் தோட்டத்தில் மார்கழி விடியற்காலையில் போர்வை தேவைப்படலாமே தவிர, பேட்டரி உறைவதற்கு வழியே இல்லை. மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் ஊட்டியில்கூட, சார்ஜ் உள்ள பேட்டரி உறையாது. குளிரில் அதன் வேகம் குறைந்து, காலையில் ஸ்டார்ட் ஆவதற்குச் சற்றுத் திணறும், அவ்வளவுதான்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, வண்டி பூட்டி நிற்கும்போதும் தொடர்ந்து நடக்கும் சிறு மின்செலவு. அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின் நினைவகம் ஆகியவையெல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இன்றைய கார்களில் இயல்பானது. 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர், 90 நாளைக்கு ஏறத்தாழ 65. உங்கள் பேட்டரியின் கொள்ளளவோ 35. தை மாதம் முடியும் முன்பே அது அடியோடு இறங்கிவிடும். பின்னால் பொருத்திய டேஷ்கேமராவோ ஜிபிஎஸ் கருவியோ இருந்தால், இன்னும் முன்பே இறங்கும்.

இரண்டாவது, வெப்பம். எதிலும் இணைக்காமல் தனியே வைத்த பேட்டரியும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். மாசி பிறந்த பிறகு தகரக் கூரையின் கீழ் நிற்கும் வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே தென்னை நிழலோ ஓட்டுக் கூரையோ இருக்கும் இடத்தில் நிறுத்துவது நல்லது. தென்னை என்றால் காய் விழாத இடமாகப் பாருங்கள்.

இறங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்துகொள்ளலாமே என்று தோன்றலாம். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால், தகடுகளில் சேர்ந்த ஈய சல்பேட் கெட்டியான படிகமாக மாறிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுவதும் திரும்புவதில்லை. மூன்று ஆண்டு ஓடிய பேட்டரி ஒரு முறை இப்படிக் கிடந்தாலே புதிது வாங்க வேண்டிய நிலை வரலாம்.

மைத்துனரின் உதவியை மறுக்க வேண்டாம், ஆனால் பத்து நிமிடம் போதாது. நின்றபடி ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு. அதிலும் பெரும்பகுதி எஞ்சினுக்கும் மின்விசிறிக்கும் போய்விடும். மேலும், ஈய பேட்டரி நிறைய நிறைய மெதுவாகவே சார்ஜ் வாங்கும் என்பதால், முழுவதும் நிறைய மணிக்கணக்கில் ஆகும். அவருக்குக் கார் ஓட்டத் தெரிந்து, இரு வாரங்களுக்கு ஒரு முறை சத்தியமங்கலம் வரை போய்த் திரும்பும் பழக்கமும் இருந்தால், அது மிக நல்ல ஏற்பாடு. அப்போது கேபிளைக் கழற்றவே வேண்டியதில்லை. களத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் உறும விடுவது பெட்ரோலுக்குத்தான் கேடு.

சார்ஜர் விஷயத்தில் கடைக்காரர் எதைக் காட்டுகிறார் என்று பாருங்கள். நிறைந்ததும் தானாகவே 13.5 வோல்ட்டை ஒட்டிக் குறைத்துக்கொண்டு பேட்டரியைப் பராமரிக்கும் வகை ஒன்று உண்டு. நிறைந்த பிறகும் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும் மலிவு வகையும் உண்டு. பின்னதை மூன்று மாதம் இணைத்துவிட்டுப் போனால் உள்ளே நீர் வற்றித் தகடுகள் கெட்டுவிடும், ஹைட்ரஜன் வாயுவும் வெளியேறும். முதல் வகை நல்ல பொருளே. ஆண்டுதோறும் மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தால் வாங்கலாம். ஆனால் ஆள் இல்லாத சாளையில், மின்னழுத்தம் ஏறி இறங்கும் இணைப்பில், எந்தக் கருவியையும் மாதக்கணக்கில் இயங்கவிட்டுப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்ய வேண்டியதை இனி வரிசையாகச் சொல்கிறேன். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பேட்டரிக் கடையில் மெதுவான சார்ஜ் கேளுங்கள். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர் அளவில் இரவு முழுவதும் ஏற்றுவது ஏற்ற முறை. மூடி திறக்கும் வகையாக இருந்தால், டிஸ்டில்டு வாட்டரைக் குறியிட்ட அளவு வரை சார்ஜுக்குப் பிறகு ஊற்ற வேண்டும்; தகடு வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம். கிணற்று நீரும் ஆர்ஓ நீரும் கூடாது, கூடுதல் அமிலமும் கூடாது. சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்ந்த பின் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் நிறைந்துவிட்டது என்று பொருள். டெர்மினலில் பூத்த வெள்ளைப் படிவத்தைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுங்கள்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், திரும்பப் பொருத்தும்போது கடைசியில் நெகட்டிவ். இந்த வரிசை சம்பிரதாயத்துக்காகச் சொல்வதில்லை. காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பேனர் தவறிப்போய் உடலில் பட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து கையைச் சுட்டுவிடும். கழற்றிய கேபிள் முனையைத் துணியால் சுற்றி, டெர்மினலைத் தொடாமல் ஒதுக்கிக் கட்டுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டால் அலாரம் வேலை செய்யாது, ரிமோட்டும் திறக்காது. சாவி போட்டு எந்தக் கதவு திறக்கும் என்பதை அதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வகைக் கார் என்றால், எந்த இடத்தில் கழற்றலாம் என்பதைக் காரோடு தந்த கையேட்டில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஊர் திரும்பியதும் மல்டிமீட்டரில் 12.4 வோல்ட் இருந்தால் அப்படியே ஸ்டார்ட் செய்யலாம். 12.2 அளவுக்கு இறங்கியிருந்தால் பாதிதான் மிச்சம், சார்ஜ் செய்த பிறகு ஓட்டுங்கள்.

கேள்வி: திருப்பூரில் இருக்கிறேன். ஒரு கடையில் புது பேட்டரி வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. வண்டி இரண்டு மாதம் நின்றதில் இறங்கிவிட்டது. “ஓட்டாமல் விட்டது உங்கள் தவறு, வாரண்டி கிடையாது” என்கிறார் கடைக்காரர். வேறு வழி இல்லையா?

பதில்: இருக்கலாம், உறுதியில்லை. வாரண்டி என்பது தயாரிப்புக் குறைக்குத்தான். நிறுத்திவைத்து இறங்கவிட்டதைப் பல நிறுவனங்களின் அட்டைகள் விலக்கியே வைத்திருக்கின்றன. ஆயினும், பார்த்தவுடன் அப்படிச் சொல்லிவிடக் கூடாது. பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, மின்சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்டரில் சோதித்து, உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று மட்டும் பழுதாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். மற்ற ஐந்தும் நன்றாக இருக்க ஒன்று மட்டும் செத்திருந்தால், தயாரிப்புக் குறை என்று வாதிட உங்களுக்கு இடம் இருக்கிறது. பெட்டியில் பொறித்த தயாரிப்பு மாதத்தையும் பில்லில் உள்ள தேதியையும் ஒப்பிடுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், கடை அலமாரியிலேயே இறங்கிக் கிடந்த சரக்கை உங்கள் தலையில் கட்டியிருக்கக்கூடும்.

மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், பில்லையும் முத்திரையிட்ட வாரண்டி அட்டையையும் இணைத்து நிறுவனத்துக்கே எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்பதால் ஆணையத்தில் வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். முடிவு தெரியும் வரை, “பழையதைக் கொடுங்கள், புதியதில் கழித்துக்கொள்கிறோம்” என்று கடைக்காரர் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் அந்தப் பேட்டரியைக் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் உள்ள ஒரே சாட்சி அதுதான்.