தோட்டாவை நாமே மறுபடி நிரப்பினால் காசு மிச்சமா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி நாசம் செய்வதால் உங்கள் மாமா லைசென்ஸோடு ஷாட்கன் வைத்திருக்கிறார். அமெரிக்கர்கள் யூடியூபில் செய்வதுபோல் சுட்ட தோட்டாவை மறுபடி நிரப்பினால் மிச்சமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாமாவுக்கு ஆகாது. மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அதற்கென்று லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி லைசென்ஸ் அதற்குச் செல்லாது. நாலு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் ஜெயிலில் உட்கார வேண்டுமா?

சரி, அமெரிக்கக் கணக்குக்கு வருவோம். ரைபிள் தோட்டாவில் பெரும்பாலும் விலை அதிகம் பிடிப்பது பித்தளைக் கூடு. சுட்ட பிறகும் அது வீணாகாது. குனிந்து பொறுக்கி வைத்தால் பல முறை உழைக்கும். வெடிமருந்து, குண்டு, அடியில் சின்னப் பொத்தான்போல் பதிந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், இவை மட்டும் புதிது. அதனால் பெரிய ரைபிள் ரகங்களில் நல்ல மிச்சம். 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவில் கொஞ்சம்தான். .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டாவில் பிரைமர் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருப்பதால் பேச்சே இல்லை. ஷாட்கன்னுக்கோ சாதாரணத் தோட்டா கடையிலேயே மலிவு.

அப்புறம் தோட்டா நிரப்பும் பிரஸ், தராசு, அச்சு என்று முதலில் கொட்டும் பணம். எப்போதாவது சுடுகிறவருக்கு அது திரும்ப வராது. நிறையச் சுடுகிறவர் மிச்சமான காசுக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவார்!